மலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்: காப்பகத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்?



நம் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்கில் தொடங்குவது வழக்கம். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே இறங்கிய கதை நம் எல்லோருக்கும் மனப்பாடம். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே இறங்குகிறது. ஆட்கள் நாள்தோறும் கிழக்கிலிருந்து மேற்கே ஏறுகிறார்கள். நான் பேச வந்தது அந்த ஆட்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பற்றி.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி. இந்த ஊர்களில் விடியுமுன் ஜீப்புகள் நிற்பதைப் பார்க்காதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் அவை கேரளத்தின் வண்டன்மேடு, அணக்கரை, நெடுங்கண்டம், சாந்தன்பாறை பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஏறுகின்றன. களை எடுக்கவும், கவாத்துப் பண்ணவும், காய் எடுக்கவும் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாலரை மணிக்கு எழுந்து சோறு பொங்கித் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு வண்டி ஏறினால், வீடு திரும்ப ஆறு மணிக்கு மேல் ஆகிவிடும். ஊர் எல்லையில் உள்ள பால்வாடி ஒன்பது மணியை ஒட்டித் திறக்கும். மாலை நான்குக்குள் பூட்டிவிடும். அதுவும் இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்குத்தான். ஒரு வயதுப் பிள்ளை பாட்டியிடம் இருக்கும். பாட்டியும் வேலைக்குப் போகிற வீடாக இருந்தால், ஆறாம் வகுப்புப் படிக்கும் அக்காளிடம் இருக்கும். அந்த அக்காளின் படிப்பு என்ன ஆகும் என்பதற்குத் தனியாக ஒரு சொற்பொழிவு வேண்டும்.

காப்பகம் என்றதும் நாம் கட்டடத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறோம். நம் நாட்டில் கட்டடத்துக்குப் பணம் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. 2022-இல் ஒன்றிய அரசு அங்கன்வாடிக் கட்டடம் ஒன்றுக்கு 12 லட்சம் ரூபாய் என்று வகுத்தது: நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து 8 லட்சம், பதினைந்தாம் நிதிக் குழு மானியம் போன்றவற்றிலிருந்து 2 லட்சம், பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகக் கணக்கில் 2 லட்சம். மூன்று பைகளிலிருந்து எடுத்து ஒரு சுவர் எழுப்பும் கணக்கு இது. பைகள் ஒரே மாதத்தில் திறப்பதில்லை என்பதால் ஊருக்கு ஊர் தாமதம் உண்டு. ஆனால் கட்டடம் எழும்பிவிடும். எம்.பி. நிதி, எம்.எல்.ஏ. நிதி, நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எல்லாமே கட்டடத்தைத்தான் விரும்புகின்றன. கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம் அல்லவா? ஆயாவின் மாதச் சம்பளத்தில் யார் பெயரைப் பொறிப்பது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து பிள்ளைகள், காலை ஐந்திலிருந்து மாலை ஆறரை வரை, மாதம் இருபத்தாறு நாள். இரண்டு வேளையாகப் பிரித்துப் பார்க்க மூன்று பெண்கள் வேண்டும். ஆளுக்கு 12,000 ரூபாய் என்றால் 36,000. பால், முட்டை, பருப்பு, காய்கறிக்குப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய் வைத்தால் 13,000. வாடகையும் மின்கட்டணமும் 4,000. ஆக மாதம் 53,000. இப்போது கடனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருக்கிற வீட்டுக்குக் கழிப்பறை கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, தரை போட்டு, தொட்டிலும் பாயும் பாத்திரமும் வாங்க 5 லட்சம் ரூபாயை 11 விழுக்காடு வட்டிக்கு ஐந்தாண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை ஏறக்குறைய 10,900. மூன்று பெண்களில் ஒருத்தியின் சம்பளத்தைவிடக் குறைவு. ஐந்தாண்டில் அது தீர்ந்தும் போகும்; சம்பளம் தீராது.

கடன் வாங்குவதற்கு வழிகள் இருக்கின்றன. 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் பிணையம் இல்லாமல் 10 லட்சம் வரை கிடைக்கும். அதை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்களுக்கு 20 லட்சம் வரை என்று 2024 பட்ஜெட்டில் உயர்த்தினார்கள். மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் பிணையமில்லாக் கடன் 20 லட்சம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் அனுமதித்தது. ஆனால் காப்பகம் நடத்த முன்வரும் பெண் வங்கியில் போய் உட்கார்ந்தால் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி, வருமானம் எங்கிருந்து வரும் என்பதுதான். அந்தக் கேள்வியில் தவறில்லை. மலைக்குப் போகிற தாய் பிள்ளைக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தாலே பெரிது. இருபத்தைந்து பேருக்கு 12,500. தவணையைக் கட்டிவிட்டால் கையில் நிற்பது 1,600. இதில் மூன்று பேர் சம்பளமா? கையைக் கடிக்காதா? ஆகவே காப்பகம் நடத்தும் பெண்ணுக்கு நாம் முதலில் செய்யவேண்டிய உதவி கடன் வாங்கிக் கொடுப்பதன்று. கடனை அடைக்கும்படியான மாத வரவை உறுதி செய்வது. இந்த வரிசையை மாற்றினால் இன்னொரு வாரக்கடன்காரியை உருவாக்கியதாகத்தான் முடியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். தமிழ்நாடு குழந்தைகளுக்குச் செலவு செய்யாத மாநிலமன்று. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, அதன் மாவட்டங்களில் மதுரையும் ஒன்று. தேனி அப்போது மதுரையில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1996-இல். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாத பிள்ளைக்குத் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்திவிடுவது அந்தத் திட்டத்தின் முறை. எடைக்கருவியை நம்பி ஒரு பெரிய திட்டத்தை நடத்தமுடியும் என்று உலகுக்குக் காட்டியது. இரண்டே ஆண்டில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பணம் எங்கே என்று கேட்ட பொருளாதார நிபுணர்கள் அப்போதும் இருந்தார்கள், ஆனால் திட்டம் நிலைத்துவிட்டது. இன்று மாநிலத்தில் 54,000-க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள்.

இத்தனையும் செய்த மாநிலம் ஒன்றை மட்டும் செய்யவில்லை. பிள்ளைக்குச் சோறு போடுவதை அரசின் வேலையாக ஏற்றுக்கொண்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதைத் தாயின் வேலையாகவே விட்டுவிட்டது. சத்துருண்டைக்காகப் பிள்ளையைத் தூக்கிவர ஒரு தாய் வீட்டில் இருக்கிறாள் என்பதுதான் 1980-இன் அடிப்படை அனுமானம். அந்தத் தாய் ஐந்து மணிக்கே கம்பம்மெட்டு ஏறிவிட்டாள் என்பதைத் திட்டத்தை எழுதியவர்கள் கணக்கில் கொள்ளவில்லை. குழந்தைப் பராமரிப்பைத் தாயின் உழைப்போடு சேர்த்தே பார்க்கவேண்டும் என்று முன்பிள்ளைப் பருவக் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் போன்றவர்கள் எழுதியும் பேசியும் வந்தார்கள். கேட்டவர்கள் தலையசைத்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. 1981-இல் திருத்தியபோது ஏலத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். பெண் தொழிலாளரின் பிள்ளைகள் இருபது பேர் இருந்தாலும் காப்பகம் உண்டு என்றார்கள். நல்ல சட்டம். வால்பாறையிலும் மூணாறிலும் லயத்தில் குடியிருந்து வேலை செய்யும் தேயிலைத் தொழிலாளிக்கு அது பொருந்தியது. நம்முடைய ஆட்களுக்குப் பொருந்தவில்லை. ஏலத்தோட்டங்களில் பல ஐந்து ஹெக்டேருக்கும் குறைந்தவை. அந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. பெரிய தோட்டமாக இருந்தாலும், தொழிலாளி ஜீப்பில் வந்து ஜீப்பில் போகிறவள். கைப்பிள்ளையை அந்த நெரிசலில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் மலைக்குக் கூட்டிப்போய்க் காப்பகத்தில் விடு என்று எந்தத் தாயிடமும் சொல்லமுடியாது. சொல்லவும் கூடாது. அந்தப் பாதைகளில் ஜீப் கவிழ்ந்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்!

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தோட்டம் கேரளத்தில் இருக்கிறது, பிள்ளை தமிழ்நாட்டில் இருக்கிறது. இடுக்கியின் தொழிலாளர் துறைக்குத் தேவாரத்துத் தொட்டில் கண்ணில் படாது. தேனி ஆட்சியருக்கு வண்டன்மேட்டுத் தோட்டக்காரர் மீது அதிகாரம் இல்லை. லாபம் ஒரு மாநிலத்திலும் அதற்கான பராமரிப்புச் செலவு இன்னொரு மாநிலத்திலும் விழுகிறது. தோட்டக்காரர்களில் கணிசமானோர் நம் போடிக்காரர்களும் கம்பத்துக்காரர்களும்தான் என்பதை இந்த அவையில் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் பல குறைகள் இருப்பதாகத் தொழிற்சங்கங்கள் சொல்கின்றன; எனக்கும் அப்படியே தோன்றுகிறது. ஆனால் பணிப் பாதுகாப்புத் தொகுப்பின் 24-ஆம் பிரிவில் நமக்கு உதவும் ஒரு வாசகம் கிடக்கிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனம் தனியாகக் காப்பகம் வைக்கலாம். அல்லது அரசோ நகராட்சியோ தனியாரோ தொண்டு நிறுவனமோ நடத்தும் பொதுக் காப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட்டும் நடத்தலாம். காப்பகம் தோட்டத்துக்குள்ளேதான் இருக்கவேண்டும் என்ற கட்டு இதனால் தளர்கிறது. மலையில் உள்ள பத்துத் தோட்டங்கள் சேர்ந்து கோம்பையிலே ஒரு காப்பகத்துக்குப் பணம் கட்ட இதில் வழி இருக்கிறது. இரு மாநிலத் தொழிலாளர் துறைகளும் உட்கார்ந்து பேசினால் விதி எழுதிவிடலாம்.

சேர்ந்து பணம் போடுவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். இலங்கை மலையகத்தில் நடக்கிறது. அங்கே தோட்டங்களில் 'பிள்ளை மடுவம்' என்பது பழைய ஏற்பாடு. கொழுந்து பறிக்கப் போகிற தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போகும் கொட்டகை. 1992-இல் தோட்ட நிர்வாகங்கள் தனியார் கம்பெனிகளிடம் போனபோது, அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து ஒரு பொது நிதியம் அமைத்தன. இன்று அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று வழங்குகிறது. தோட்டப்புறச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களைக் கட்டுவது, புதுப்பிப்பது, பணியாளருக்குப் பயிற்சி தருவது அதன் வேலைகளில் முக்கியமானவை. 2015-இல் உலக வங்கி இலங்கையின் முன்பிள்ளைப் பருவத் திட்டத்துக்கு 5 கோடி டாலர் கடன் கொடுத்தபோது, தோட்டப்புற நிலையங்களுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது; பணத்தை வாங்கிச் செலவழிக்கத் தகுதியுள்ள அமைப்பு ஒன்று அங்கே ஏற்கெனவே இருந்தது. மலையக மக்களின் கூலியும் குடியிருப்பும் இன்னும் தீராத வழக்குகள். அதை மறைக்க வேண்டியதில்லை. பிள்ளை மடுவம் மட்டும் அவர்களிடம் நம்மைவிட ஒழுங்காக இருக்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 1980-களில் இன்னொரு வழி கண்டார்கள். நகரின் நடுவே பெரிய அலுவலகக் கட்டடம் எழுப்புகிறவர், அங்கே வேலைக்கு வரப்போகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு கட்டணம் செலுத்தவேண்டும். பின்னால் 1998-இல் காப்பகக் கட்டடங்களுக்கென்றே ஒரு நிதி ஏற்பட்டது. வீட்டில் பிள்ளை பார்க்கும் பெண்ணுக்குக்கூடக் கழிப்பறை திருத்தவும் வேலி போடவும் அதிலிருந்து மானியமும் கடனும் கொடுத்தார்கள். கணக்கு எழுதவும் உரிமம் வாங்கவும் பயிற்சி கொடுத்தார்கள்.

இதைக் கேட்டு வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். வியாபாரத்தின் மேல் ஒரு சிறு தொகை வைத்துப் பிள்ளைகளுக்குச் செலவழிப்பது நம் தென் மாவட்டங்களுக்குப் புதிதா என்ன? மகமை என்பது வேறென்ன? விருதுநகர் நாடார் பெருமக்கள் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று வியாபாரத்தில் மகமை பிடித்துச் சத்திரிய வித்தியாசாலையை எழுப்பினார்கள். வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து வைத்ததும் அந்தக் கதையில் உண்டு. தேனியில் மேலப்பேட்டை இந்து நாடார் உறவின்முறை நடத்துகிற பள்ளிகளும் பெண்கள் கல்லூரியும் அந்த மரபில் வந்தவை. அந்த மகமையில் எனக்குப் பிடித்தது, அது ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கிற நன்கொடையன்று. வியாபாரம் நடக்கும் வரை வந்துகொண்டே இருக்கும் பணம். சம்பளத்துக்குத் தேவை அந்த மாதிரிப் பணம்தான். ஒரு சாதியாருக்குள் நின்ற ஏற்பாட்டை ஒரு தொழிலுக்கு உரியதாக விரித்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஏலக்காய் ஏலம் நம் போடியிலும் இடுக்கியின் புற்றடியிலும் மின்னணு முறையில் நடக்கிறது. இன்ன தேதியில் இன்ன ஆள் இத்தனை கிலோ விற்றார் என்பது ஒன்றுவிடாமல் பதிவாகிறது. நாட்டின் சிற்றேலக்காய் விளைச்சல் அண்மை ஆண்டுகளில் 20,000 டன்னைத் தாண்டியிருக்கிறது. 20,000 டன் என்றால் 2 கோடி கிலோ. கிலோவுக்கு ஒரு ரூபாய் மகமை வைத்தால் 2 கோடி ரூபாய். தவணை நீங்கலாக நான் மேலே சொன்ன காப்பகத்துக்கு ஆண்டுச் செலவு 6 லட்சத்து 36 ஆயிரம். முப்பது காப்பகங்களை நடத்திவிடலாம். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரத்துக்குக் கீழேயும் இறங்கியது. ஏழாயிரத்திலும் சரி, ஆயிரத்திலும் சரி, ஒரு ரூபாய் யாரையும் முறிக்காது. ஏலக்காய் எல்லாம் ஏல மையத்துக்கு வந்துவிடுவதில்லை, பாதிதான் வரும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். பாதி வந்தால் பதினைந்து காப்பகங்கள்.

அரசு தன் பங்கிலிருந்து நழுவ இது வழியாகிவிடக் கூடாது. முன்பு தேசியக் காப்பகத் திட்டம் என்று ஒன்று இருந்தது. 25 பிள்ளைகள், நாளைக்கு ஏழரை மணி நேரம், ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் கட்டணம். செலவில் பத்து விழுக்காட்டைத் தொண்டு நிறுவனமே போடவேண்டும் என்று வைத்தார்கள். சிறிய அமைப்புகளுக்கு அந்தப் பத்தே பாரம். 2022-இல் அது 'பால்னா' என்ற பெயரில் புதிய உருவெடுத்து, அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்றாயிற்று. நாடு முழுவதும் 17,000 காப்பகங்கள் இலக்கு. அதில் காப்பகப் பணியாளருக்கு மாதம் 5,500, உதவியாளருக்கு 3,000. நாள் முழுவதும் கைப்பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கும் பெண்ணுக்கு 3,000 ரூபாயா என்று நீங்கள் கேட்பது சரிதான். ஆனால் அது ஒரு அடித்தளம். அதன் மேல் மாநில அரசும் ஏலக்காய் மகமையும் சேர்ந்தால் 12,000 வந்துவிடும்.

இடத்துக்கு ஊராட்சியைக் கேட்கலாம். கர்நாடகம் 2023-இல் 'கூசின மனே' என்று 4,000 கிராம ஊராட்சிகளில் குழந்தை இல்லங்கள் அறிவித்தது. ஊராட்சிக்குச் சொந்தமான கட்டடங்களில், நூறு நாள் வேலைப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அந்தத் திட்டக் கூலியிலேயே அமர்த்தியது. நம் ஊராட்சிகளிலும் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் சேவை மையக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. நடத்துவதற்கு ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பு இருக்கிறது. அகமதாபாத்தில் சேவா என்ற மகளிர் தொழிற்சங்கத்தின் பெண்கள் பிள்ளை பார்க்கும் பணியாளர்களைக் கொண்டே 'சங்கினி' என்ற கூட்டுறவுச் சங்கத்தை 1986-இலேயே பதிவு செய்துவிட்டார்கள். கூட்டுறவில் ஊறிய மதுரைச் சீமைக்கு அது முடியாத வேலையா?

உரிமம் பற்றி ஒரு சொல். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் வெந்து மடிந்த பிறகு, பிள்ளைகள் கூடும் இடத்துக்குக் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று என்று வந்தன. ஒன்றையும் தளர்த்தக் கூடாது. தளர்த்தச் சொல்லும் குரல் காப்பகம் நடத்துகிறவர்களிடமிருந்தே வரும், அவர்களுக்கு இணங்கவேண்டாம். ஆனால் அந்தச் சான்றுகளுக்கு அலைவதும், கீற்றுக் கூரையைப் பிரித்துத் தளம் போடுவதும் ஒரு ஏழைப் பெண்ணின் தனிச் செலவாக இருக்கக் கூடாது. முத்ராக் கடனுக்கு உண்மையான இடம் இங்கேதான். அந்தத் தவணையை முதல் ஐந்தாண்டுக்கு மகமை நிதி ஏற்றுக்கொண்டால் வங்கி மேலாளரின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

இந்த அவையில் ஏலக்காய் வியாபாரிகள் இருக்கிறீர்கள், தோட்ட உரிமையாளர்கள் இருக்கிறீர்கள், ஊராட்சித் தலைவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். காய் எடுப்புத் தொடங்கும் முன் போடியில் உங்கள் சங்கக் கூட்டத்தைக் கூட்டி, கிலோவுக்கு ஒரு ரூபாயை ஓராண்டுக்கு மட்டும் சோதனையாக வையுங்கள். கணக்கை மாவட்ட ஆட்சியர் பார்வையில் வையுங்கள். ஊராட்சித் தலைவர்கள் வரும் அக்டோபர் 2 கிராம சபையில், பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தைக் காலை ஐந்து மணிக்குத் திறக்கும் காப்பகத்துக்கு ஒதுக்கித் தீர்மானம் போடுங்கள். தீர்மானத்தில் நேரத்தை எழுத மறந்துவிடாதீர்கள். எழுதாவிட்டால் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள்.